பாஸ்டன் துறைமுகத்துக்குப் போன தேயிலை

ஏ.எஸ்.ராவ் நகரில் ரகுநாதன் வீட்டு விசேஷம் எதுவானாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் ஒரு கதையும் வரும். சொல்பவர் ரகுநாதன்தான். நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வம்சத்துல ஒருத்தர்..." என்று ஆரம்பிப்பார். சென்னைப் பட்டணத்துக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்தவர் அவர். வெள்ளைக்காரனிடம் அவன் பாஷையிலும் நம்மவரிடம் நம் பாஷையிலும் பேசி, சரக்கைச் சரிபார்த்துக் கப்பலேற்றும் வேலை. அவர் ஏற்றி அனுப்பிய தேயிலைப் பெட்டிகளைத்தான் 1773-ஆம் வருஷம் அமெரிக்கர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டினார்கள். அதிலிருந்துதான் அவர்களுடைய சுதந்திரப் போரே மூண்டது. "ஆக, அமெரிக்கா பிறந்ததுல நம்ம வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு" என்று முடிப்பார்.

யாரும் சிரிக்க மாட்டார்கள். ரகுநாதன் சொல்வதில் சிரிக்க இடமிருக்காது. முப்பத்துநாலு வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். அவர் கையெழுத்து விழாமல் ஒரு திருகாணிகூட வாசலைத் தாண்டியதில்லை. எழுபத்தொரு வயதிலும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. மனைவி போன பிறகும் ஒரு நாள் அதில் மடிப்புக் கலைந்ததில்லை.

மருமகள் சுமலதா உப்பல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறாள். மே மாதம் காலனி சமுதாயக் கூடத்தில் நாலு வாரம் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்துவது அவள் வழக்கம். காலை பத்திலிருந்து இரண்டு வரை. போன வருஷம் வரை படம் வரைவது, களிமண், கொஞ்சம் ஊர்ச் சரித்திரம் என்று போயிற்று. இந்த வருஷம் தாய்மார்கள் நாலைந்து பேர் சேர்ந்து வந்தார்கள். எல்லாருக்கும் மாதாப்பூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை. ஆகஸ்டில் குடும்பத்தோடு அமெரிக்கா மாற்றல். அங்கே ஐந்தாம் வகுப்பில் அவர்கள் நாட்டின் ஆரம்பச் சரித்திரம்தான் பாடமாம். "போய் இறங்கின உடனே எங்க பசங்க முழிக்கக் கூடாது மேடம்" என்றார்கள். சுமலதா ஒரு வாரம் படித்துத் தயார் செய்துகொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

காலனி சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கூடத்தின் சாவி ரகுநாதனிடம் இருந்தது. ஒன்பதே முக்காலுக்குத் திறந்துவிட்டு வீடு திரும்புவதாகத்தான் ஏற்பாடு. முதல் நாளே திரும்பவில்லை.

அன்று சுமலதா தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கட்டம் போட்டாள். பதினாலு பிள்ளைகளையும் அதற்குள் உட்காரச் சொன்னாள். முழங்காலும் முழங்காலும் இடித்தது. மின்விசிறியை நிறுத்தினாள்.

"இதுதான் கப்பலோட நடுத்தட்டு. ஜன்னல் கிடையாது. இப்படி ரெண்டு மாசத்துக்கு மேல. யாராவது வாந்தி எடுத்தா பக்கத்துல இருக்கறவங்க மேலதான்."

"மிஸ், பாத்ரூம்?"

"வாளி."

"சீ!" என்று பதினாலு குரல்.

"அமெரிக்காவுல குடியேற அப்படி வந்து இறங்கின வெள்ளைக்காரங்க நூத்திரண்டு பேர். முதல் குளிர்காலத்துலயே பாதிப் பேர் செத்துப் போனாங்க. மிச்சப் பேருக்கு மக்காச்சோளம் விதைக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு? அங்க ஏற்கெனவே இருந்த ஜனங்க. அவங்களை அப்புறம் இவங்க என்ன பண்ணாங்கங்கறதையும் படிப்போம். அதை விட்டுட்டுப் போக மாட்டேன்."

பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரகுநாதனுக்கு மனதுக்குள் திருப்தி. லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பெண். மகன் முரளி அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அவருக்கு மனம் முழுதாக இறங்கவில்லை. பதினாலு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு இந்த வீட்டுப் பெயர் பள்ளிக்கூடங்களில் நல்லபடியாகச் சொல்லப்படுகிறதென்றால் அது அவளால்தான். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

பேத்தி ஹம்ஸினிக்கு ஒன்பது வயது. அவளும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தாள். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை அவள் எழுந்து நின்று, எல்லாரும் கேட்கும்படி அறிவித்தாள்: வெள்ளிக்கிழமை தேயிலைப் பாடம். அன்றைக்கு அவள் தாத்தா வந்து பேசுவார். ஏனென்றால் அந்தத் தேயிலையைக் கப்பலில் ஏற்றியதே அவர்கள் வீட்டு ஆள். பிள்ளைகள் "ஓ" என்றார்கள். வெள்ளிக்கிழமை தாத்தா பாட்டிமார்களும் வந்து பார்க்கலாம் என்று சுமலதா முன்பே சொல்லியிருந்ததால், ஹம்ஸினி லாலாகூடாவுக்கும் போன் செய்து அம்மா வழித் தாத்தா சீனிவாசனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ரகுநாதன் பீரோவிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து வைத்தார்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், ரசம் ஊற்றிக்கொண்டே சுமலதா சொன்னாள். "மாமா, வெள்ளிக்கிழமை தேயிலைப் பாடம் வைக்கலை. நேரம் போதலை. வரியைப் பத்திச் சொல்லிட்டு நேரா சண்டைக்குப் போயிடறேன்."

"தேயிலை இல்லாம சண்டை எப்படி வரும்?"

"சுருக்கமா ஒரு வரியில சொல்லிடுவேன்."

"தாத்தா பாட்டியெல்லாம் வர்றாங்களேம்மா."

"அவங்களுக்கு வேற ஏதாவது வச்சுக்கலாம், மாமா." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரகுநாதன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் ஒரு மேற்பார்வையாளன் "இந்தப் பெட்டியை நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்று சொன்னால் அவர் எந்தப் பெட்டியை முதலில் திறப்பார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை இடைவேளையில் கூடத்துக்கு வெளியே குழாயடியில் சத்தம். ஹம்ஸினி ஒரு பையனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். அவன் அபிநவ். எதிர்வீட்டுக்காரரின் பேரன், டாலஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். இந்த முகாமில் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்த ஒரே பிள்ளை.

"இட் கேம் ஃப்ரம் சைனா! எங்க மிஸ் சொன்னாங்க. நாங்க ப்ராஜெக்ட் பண்ணோம்" என்று கத்தினான்.

"உங்க மிஸ்ஸுக்கு ஏமி தெலுசு? மா தாத்தா அபத்தம் செப்பரு!"

உங்கள் மிஸ்ஸுக்கு என்ன தெரியும், எங்கள் தாத்தா பொய் சொல்லமாட்டார் என்கிறாள். பள்ளித் தெலுங்குதான் அவளுக்குக் கோபத்தில் வரும்.

ரகுநாதன் அருகே போனதும் அவள் காலரை விட்டாள். அபிநவ் அவரை நேராகப் பார்த்தான். மரியாதையாகவே கேட்டான். "அங்க்கிள் தாத்தா, இந்தியால அப்ப டீ எஸ்டேட்டே கிடையாதாமே. அது எல்லாம் அப்புறம்தானாமே. அப்ப நீங்க சொல்றது எப்படி?"

ஹம்ஸினி தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பதில் வரும், இந்தப் பையன் வாய் மூடும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் ரகுநாதன்.

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு, சுமலதா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"அந்தப் பையன் சொல்றது சரியா?"

அவள் ஈரத் துணியைக் கையிலேயே வைத்திருந்தாள். "சரிதான் மாமா. சீனாவுல கான்டன்னு ஒரு துறைமுகம். அங்கேருந்து லண்டன். லண்டன்லேருந்து பாஸ்டன். கம்பெனி அதே கம்பெனிதான். அதனால நம்ம ஊர்ல நிறைய பேர் நம்மூர்த் தேயிலைன்னே நினைக்கறாங்க. நம்ம நாட்டுல தேயிலைத் தோட்டம் போட்டது அதுக்கு அறுபது வருஷம் கழிச்சு."

"சென்னையில கப்பல் ஏத்தியிருக்க முடியாது."

"முடியாது மாமா."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

சுமலதா துணியைப் பிழிந்தாள்.

"கேட்கறேன் இல்ல?"

"நீங்க எங்க வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்து அந்தக் கதையைச் சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும். எம்.ஏ. பரீட்சை எழுதி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது."

"பதினாலு வருஷமா?"

"உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு நான். முதல் நாளே எங்கப்பா எதிர்ல, மாமா நீங்க சொல்றது தப்புன்னு சொல்ல முடியுமா? அப்புறம் சொல்ல நேரமே வரலை. அப்பாகிட்டயும் சொல்லலை. உங்க பிள்ளைகிட்டயும் சொல்லலை."

"இப்ப பாடத்தையே எடுத்துட்டே."

"பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுக்க எனக்கு வராது மாமா. உங்களைத் தப்புன்னும் சொல்ல வராது. அதனால எடுத்துட்டேன்."

ரகுநாதன் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போனதும் சென்னையிலிருக்கும் அக்கா கமலாவைப் போனில் கூப்பிட்டார். எழுபத்தெட்டு வயது. அப்பா சொன்னதெல்லாம் அவளுக்குத்தான் ஞாபகம். சுற்றிவளைக்காமல் கேட்டார். துபாஷிக் கதையில் அப்பா தேயிலை என்று எந்த ஆதாரத்தில் சொன்னார்?

"தேயிலையா? அப்பா எப்படா தேயிலைன்னு சொன்னார்?"

"பாஸ்டன் துறைமுகம்..."

"டேய் ரகு, அப்பாவுக்கு பாஸ்டன் எங்க இருக்குன்னே தெரியாது. கம்பெனிக் கப்பலுக்குச் சரக்கு ஏத்தின வம்சம்னு சொல்வார். சரக்குன்னுதான் சொல்வார். என்ன சரக்குன்னு நான் ஒருவாட்டி கேட்டேன். தெரியாதுடீ, போய்த் தூங்குன்னார். தேயிலைன்னு நீதான் சொன்னே. முரளிக்குப் பொண்ணு பார்க்கப் போனப்ப. நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"சம்பந்தி வீட்ல வச்சா? நம்ம வீட்டுப் பேச்சை நானே கெடுப்பேனா? நல்லா இருந்துதுடா கேட்க."

போனை வைத்தபின் ரகுநாதன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். லாலாகூடா குவார்ட்டர்ஸின் முன்னறை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பச்சை டிஸ்டெம்பர் சுவர். பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்போது ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த சீனிவாசன், தாம்பாளத்தில் ஒரு வெள்ளிப் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய தாத்தா நிஜாம் காலத்து ரயிலில் எஞ்சின் ஓட்டியவர். வெள்ளத்தில் ஒரு ரயிலைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பதக்கம். பெயர் பொறித்திருந்தது. தேதி பொறித்திருந்தது. எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ரகுநாதனும் வாங்கிப் பார்த்தார், கனமாக இருந்தது. தன் வீட்டில் அப்படிக் காட்ட ஒன்றுமில்லை என்ற நினைப்பு அந்த நிமிஷம் வந்ததா? வந்தது. இப்போது நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் தொண்டையைச் செருமினார். சரக்கு என்றுதான் ஆரம்பித்தார். சீனிவாசன், "என்ன சரக்கு சம்பந்தி?" என்று ஆசையாகக் கேட்டார். பதில் தானாக வந்தது. எங்கேயோ படித்த பாஸ்டனும் கம்பெனியும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன. இரண்டாம் தடவை சொன்னபோது சந்தேகம் இருக்கவில்லை. பத்தாம் தடவைக்குள் அப்பாவின் குரலிலேயே அது காதில் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது.

மற்றவர்கள் கொண்டுவந்த ஒவ்வொரு பொருளுக்கும் காகிதம் கேட்டவர், தன் பொருளுக்குக் கேட்கவில்லை.

சும்மா இருந்துவிடலாம். சுமலதா வழி செய்துவிட்டாள். வரி, அதன் பிறகு சண்டை. அபிநவ் இன்னும் பத்து நாளில் டாலஸ் போய்விடுவான். ஹம்ஸினி கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள். இல்லை, மறக்கமாட்டாள். அவள் அதை நாலு பேரிடம் சொல்வாள், நாற்பது வயதில் தன் வீட்டு விசேஷத்தில் சொல்வாள். அங்கேயும் ஒரு மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தன் வீட்டுக் கௌரவத்தைப் பதினாலு வருஷம் தாங்கிப் பிடித்தது எந்தத் துபாஷியும் இல்லை, சமையலறையில் வாய் திறக்காமல் இருந்த ஒரு ஃபிட்டரின் மகள் என்பது அவருக்கு உறைத்தது. இனிமேலும் அவளை அதைத் தூக்கச் சொல்வது முறையில்லை.

மாலையில் சுமலதா காய் நறுக்கும்போது அவர் வாசற்படியில் நின்று சொன்னார். "நாளைக்குத் தேயிலைப் பாடம் வை. நான் பேசறேன். என்ன பேசணும்னு எனக்குத் தெரியும்."

"மாமா, வேணாம். எங்கப்பா வேற வர்றார்."

"வரட்டும். அவர்கிட்டதானே சொன்னேன்."

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. தாத்தா பாட்டிகள் பத்துப் பன்னிரண்டு பேர். சீனிவாசன் லாலாகூடாவிலிருந்து ஆட்டோ பிடித்து முதலாவதாக வந்து முன்வரிசையில் இடம் போட்டிருந்தார். "வாங்க சம்பந்தி, இன்னைக்கு உங்க நாள்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹம்ஸினி அபிநவுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்திருந்தாள்.

ரகுநாதன் முன்னால் போய் நின்றார். காகிதம் எதுவும் கையில் இல்லை.

"எங்க குடும்பத்துல ஒரு கதை சொல்வோம். பாஸ்டன்ல கொட்டின தேயிலையை எங்க முன்னோர் ஒருத்தர் சென்னையில கப்பல் ஏத்தினார்னு. உங்கள்ல பல பேர் கேட்டிருப்பீங்க. அது தப்பு. அந்தத் தேயிலை சீனாவுலேருந்து லண்டன் வழியாப் போனது. சென்னைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. எங்க அப்பா சொன்னது சரக்குன்னு மட்டும்தான். தேயிலைன்னு சேர்த்தது நான். பதினாலு வருஷத்துக்கு முன்னால, ஒரு பெரிய மனுஷர் வீட்ல உட்கார்ந்து, அவருக்குச் சமமா ஏதாவது சொல்லணும்னு சேர்த்தேன். அவர் இங்கதான் இருக்கார். நேத்து என்கிட்ட அபிநவ் ஒரு கேள்வி கேட்டான். அவன் கேட்டது சரி."

ஹம்ஸினி எழுந்து நின்றாள்.

"அபத்தமா, தாத்தா?"

"ஆமாம்மா. அபத்தம்."

அவள் முகம் சிவந்தது. உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. அபிநவ்கூட ஜெயித்த மாதிரி இல்லாமல் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீனிவாசன்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன சம்பந்தி இது! நீங்க எங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம், தேயிலை வம்சம் ஆச்சே, இவங்களுக்கு எப்படி டீ போட்டா பிடிக்குமோன்னு என் வீட்டுக்காரி நடுங்கிப் போவா. இருக்கறதுலயே விலை ஒசந்த தூளு வாங்கி ஒளிச்சு வைப்பா. பதினாலு வருஷம்! இனிமே உங்களுக்கு ஸ்டேஷன் டீதான்."

பாட்டிகள் சிரித்தார்கள். ரகுநாதனுக்கும் உதடு அசைந்தது. "ஸ்டேஷன் டீயே போதும்" என்றார்.

சுமலதா அவசரமாக முன்னால் வந்தாள். மாமனார் அப்படி நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை. "பிள்ளைங்களா, சென்னையிலேருந்து அமெரிக்காவுக்கு ஒண்ணுமே போகலைன்னு அர்த்தமில்லை. அந்தக் காலத்துல நம்ம பக்கத்துப் பருத்தித் துணியும் லண்டன் வழியா அங்க போச்சு. ஒருவேளை தாத்தா வீட்டு முன்னோர் ஏத்தின சரக்கு துணியா இருந்திருக்கலாம்..."

"வேண்டாம்மா" என்றார் ரகுநாதன்.

"இல்ல மாமா, அது நடந்திருக்கக்கூடிய..."

"துணி போனது நிஜம். அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடு. அதை எங்க வீட்டோட முடிச்சுப் போடாதே. ஆதாரம் கிடையாது. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வச்சா நாளைக்கு அதையும் நான் வெற்றிலைத் தட்டோட சேர்த்துச் சொல்ல ஆரம்பிச்சுடுவேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கை தூக்கினாள். "அப்ப அவர் என்னதான் ஏத்தினார் தாத்தா?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது. அப்பாவுக்கும் தெரியலை. அப்பா அதைத் தெரியாதுன்னே சொன்னார். நான்தான் அந்தப் பதிலோட நிக்கலை." சொல்லிவிட்டு அவர் முன்வரிசைக்கு வந்தார். சீனிவாசன் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் காலியாக்கினார்.

சுமலதா ஒரு நிமிஷம் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு தரையில் சாக்பீஸால் மூன்று கப்பல்களும் ஒரு துறைமுகமும் வரைந்தாள். மூலையில் அட்டைப்பெட்டிகள் குவிந்திருந்தன. பிஸ்கட் பெட்டி, செருப்புப் பெட்டி, மருந்துக்கடைப் பெட்டி.

"டிசம்பர் பதினாறு, 1773" என்று ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பாடத்தை அவள் மாமனார் எதிரில் நடத்துவது இதுதான் முதல் தடவை. குரல் முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு சரியாகிவிட்டது. யார் வரி போட்டது, யாரைக் கேட்காமல் போட்டது, கப்பலில் ஏறியவர்கள் ஏன் அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் போல வேஷம் போட்டுக்கொண்டார்கள், அந்தப் பூர்வகுடிகளிடம் அதைப் பற்றி யாராவது கேட்டார்களா. எல்லாவற்றையும் கேள்வியாகவே கேட்டாள். பிள்ளைகள் தமிழிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிக் கத்தினார்கள். ரகுநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அவருக்குத் தெரியாத விஷயங்கள் அதில் நிறைய இருந்தன.

"முந்நூத்து நாப்பத்திரண்டு பெட்டி. நம்மகிட்ட முப்பதுதான் இருக்கு. ஏறுங்க கப்பல்ல!"

பிள்ளைகள் சாக்பீஸ் கப்பல்களுக்குள் பாய்ந்தார்கள். பெட்டிகள் பறந்தன. ஹம்ஸினி மட்டும் தன் பெட்டியோடு சற்று நேரம் நின்றாள். அன்று முதல் முறையாகத் தாத்தாவைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், கோபம் இன்னும் போகவில்லை. பிறகு இரண்டு கையாலும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, துறைமுகத்தையும் தாண்டி முன்வரிசை வரை எறிந்தாள். அது ரகுநாதனின் காலடியில் வந்து விழுந்தது.

அவர் குனிந்து எடுத்து அவளிடமே நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமாப் போடணும்மா" என்றார். "கடல் அங்க இருக்கு."